பொன்னி போட்ட விளக்கு

விளக்கைப் போட்டேன் என்று பொன்னி சொன்னாள். போடவில்லை என்று வீடு சொன்னது. போன வாரம் நாம் எழுந்து போனது இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவிலிருந்துதான், கண்ணுகளா. மறந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கார்த்திகை மழை. மாமனார் சுப்பராயலுவை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் கார் ஓட்டிப் போனாள் பொன்னி. திண்டிவனத்தில்தான் நாத்தனார் ருக்குவின் வீடு. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வைப்பர் நின்றது. அடுத்த நொடி இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்தன. இருட்டில் வண்டி ரோட்டோர மணல் குவியலில் ஏறிச் சாய்ந்தது. பொன்னிக்குக் கீறல்கூட இல்லை. பெரியவருக்குக் கால் முறிந்தது.

ஓடி வந்தவர்கள் பார்த்தது விளக்கு எரியாத வண்டியையும் ஸ்டேரிங்கில் ஒரு பொம்பளையையும். "லைட்டே போடாம ஓட்டிக்கினு வந்துச்சி" என்று ஒருவன் சொன்னான். அந்த ஒரு வார்த்தை ஆஸ்பத்திரிக்கு முந்திக்கொண்டு போனது. பெரியவராவது சாட்சி சொல்லலாம் என்றால், அவர் அந்த நேரம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கார் பொன்னிக்குச் சோறு. அனந்தபுரம் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலு பேரைத் தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். இப்போது நாலு பேரும் பஸ்ஸில் போகிறார்கள். "பொங்கல் லீவு முடியறதுக்குள்ள சொல்லிடு பொன்னி, இல்லன்னா வேற வண்டி பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவள் கணவர் தட்சிணாமூர்த்தியோ வண்டியையே விற்றுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எடை போடுகிற இடத்தில் அவருக்கு வேலை. நாளெல்லாம் எடைச்சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர். ஆனால் ஒரு மூட்டைச் சீட்டைக்கூட மேலிருந்து கீழ்வரை படிக்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

இன்று காலை, வாசலில் நின்று சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். பொன்னி கையை நீட்டினாள். சாவி அவள் கையைத் தாண்டிப் பின்னால் நின்ற அக்கா ருக்குவின் கைக்குப் போனது. அப்பாவின் கால் முறிந்த நாளிலிருந்து ருக்கு இங்கேதான் இருக்கிறாள்.

"நீயே வச்சிக்க அக்கா. திண்டிவனத்துல எலக்ட்ரீஷியன் மணிமாறன் லைட்ட மட்டும் எரிய வச்சிட்டான்னா போதும். நாலு மணிக்கு வாங்கற ஆளு வர்றாரு. சாவியோட வந்துருங்க."

"நான் நிக்கறப்பவே அண்ணி கையில குடுக்கறீங்களே" என்றாள் பொன்னி.

"ஒரு தடவ உன் கையில குடுத்துத்தான் எங்கப்பா கட்டில்ல கெடக்கறாரு."

உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது. "யப்பா, தூங்கினவன் நானு. எனக்கே தெரியாதத வச்சிக்கினு அந்தப் பொண்ண ஏன்டா வாட்டற?"

இந்தச் சாவியை முதன்முதலில் வாங்கியபோது மஞ்சள் தடவி முந்தானையில் முடிந்துகொண்டவள் பொன்னி. இப்போது அது வேறொருத்தி இடுப்பில் கிணுகிணுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தது. வயிறு எரியாதா, சொல்லுங்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் ருக்குவுக்கு. விக்கிரவாண்டி வரைக்கும் வெற்றிலையை மென்றாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"லைட்டு போடறதுக்குக்கூட ஒரு படிப்பா? சாயங்காலம் ஆனா வீட்ல சுவிட்ச தட்டறோமில்ல?"

"தட்டினேன் அண்ணி."

"எரியலியே."

"எரியலன்னா அது என் தப்பா?"

"பின்ன யாரு தப்பு? பெட்டி புதுசு. வண்டி ஒண்ணர வருஷத்து வண்டி. பழசா இருந்தது எங்கப்பா எலும்பு மட்டும்தான்."

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் கார் பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஹாரன் தானாக அலறும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். விழுப்புரம் பைபாஸில் இருக்கிற சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, பாடி கன்ட்ரோல் மாட்யூல் போய்விட்டது என்றார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். டிரைவர் காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிற கறுப்புப் பெட்டி, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. சாவிக்கொத்தை மாமியார் இடுப்பில் வைத்திருக்கிற வீடு மாதிரிதான். விளக்கு எரியணுமா, வைப்பர் ஆடணுமா, கதவு பூட்டணுமா, எல்லாம் அதனிடம் உத்தரவு கேட்டுத்தான் நடக்கும். நாம் திருகுகிற சுவிட்ச் விளக்கிடம் பேசாது, பெட்டியிடம்தான் பேசும்.

புதுப் பெட்டியை வாரண்டியில் சும்மா தர முடியாது என்றார்கள். அதற்குக் காரணமும் ஜாப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில், எழுதிக் கொடுத்தார்கள்: 'ஆயுத பூஜை மஞ்சள் தண்ணீர் உள்ளே இறங்கியுள்ளது. வாடிக்கையாளர் தவறு.' பொன்னியின் வளையல் ஜோடி பாங்கிக்குப் போனது. நான் ஊற்றவில்லை என்று அவள் சொன்னாள். நான் குங்குமம்தான் வைத்தேன் என்று ருக்கு சொன்னாள். தட்சிணாமூர்த்தி யாரை நம்பினார் என்று நான் சொல்லவா வேண்டும்?

திண்டிவனம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகை. எலக்ட்ரீஷியன் மணிமாறன் பேட்டரி ஒயரை முன்பே கழற்றி வைத்திருந்தான். விபத்து நடந்த ராத்திரி இழுத்து வந்து விட்டதிலிருந்து கார் அங்கேதான் நின்றது.

"நீங்க வராம நான் பெட்டிய தொடலக்கா. அப்புறம் மணிமாறன் மாத்திட்டான்னு ஒரு பேச்சு வரும், எனக்குப் பேஜாரு." தன் செல்போனை ருக்குவிடம் நீட்டினான். "அம்மா, நீங்க வீடியோ புடிங்க. இந்தச் செவப்பு பட்டன அமுக்கிட்டு ஆட்டாம புடிச்சிக்கினு இருங்க."

"எனக்கு கல்யாண வீடியோவுக்கே ஒழுங்கா நிக்கத் தெரியாது. என்னைப் புடிக்கச் சொல்ற பாரு" என்றாள் ருக்கு. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டியின் குட்டு உடையப் போகிறது என்ற உற்சாகம்.

மணிமாறன் டிரைவர் சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தான். ரெண்டு போல்ட்டு. நாலு ஒயர்க் கொத்து, ஒவ்வொன்றும் கொக்கி போட்டுப் பூட்டியது. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். கறுப்புப் பெட்டி வெளியே வந்தது.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒயர் சொருகுகிற ஊசிகளில் பழைய பித்தளைச் சொம்பு மாதிரி பச்சைக் களிம்பு. மேலே ஒட்டியிருக்க வேண்டிய கம்பெனி ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டின தடம். மூடி சேருகிற விளிம்பு நெடுக, ஓரமாகக் காய்ந்துபோன மஞ்சள்.

"இது போட்டு எவ்ளோ நாளுன்னு சொன்னீங்கக்கா?"

"ஐப்பசி கடைசில."

"ஐப்பசிலயா..." என்று இழுத்தான். "அம்மா, போன ஆட்டாதீங்க."

ருக்கு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பொன்னி திரும்பினாள். "அண்ணி, சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க."

"இப்ப எதுக்குடி?"

"குடுங்க."

விரல் நுனியில் ஒரு துளி சுண்ணாம்பு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர். பெட்டி விளிம்பில் இருந்த மஞ்சளின் மேல் தேய்த்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். எத்தனை ஆரத்தி கரைத்திருக்கிறோம்! தேய்த்த இடம் சிவந்தது. விரலும் சிவந்தது.

"என்னாக்கா இது, ரத்தமாட்டம்?"

"ஆரத்தி, தம்பி. ஆயுத பூஜை மஞ்சத்தண்ணிலயே சர்வீஸ்காரங்க நம்ம வண்டிக்கு எடுத்த ஆரத்தி."

மணிமாறனுக்குப் புரிந்தது. பெட்டியைப் பெஞ்சில் வைத்தான். "புதுசே போடலக்கா. மஞ்சத்தண்ணி எறங்கின அதே பெட்டி. தொடச்சி, காய வச்சி, திரும்ப மாட்டிட்டானுங்க. வெயில் காலத்துல ஓடும். மழ ஈரம் பட்டுச்சின்னா உள்ள களிம்பு ஷார்ட் அடிச்சி, லைட்டு வைப்பரு எல்லாம் ஒரே அடியா படுத்துக்கும். நீங்க சுவிட்ச போட்டிருப்பீங்க. இது கேட்டிருக்காது."

நீங்க சுவிட்ச போட்டிருப்பீங்க! ஒரு மாசமாக ஒரு மனுஷர் வாயிலிருந்து வராதா என்று அவள் ஏங்கின வார்த்தை. அதைச் சொல்ல யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் வேண்டியிருந்தது. அழுகைதான் வந்திருக்க வேண்டும். பொன்னிக்கு வந்தது அழுகையில்லை. மழையில், இருட்டில், பல் போன ஒரு கிழவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிய வண்டி. அதற்குள் தெரிந்தே செத்த பெட்டியை வைத்து, சிரித்த முகத்தோடு சாவியை நீட்டியிருக்கிறார்கள்.

"அண்ணி, கேட்டீங்களா?"

ருக்கு போனை மணிமாறனிடம் கொடுத்தாள். பொன்னியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"டப்பாவ மூடு. சுண்ணாம்பு காஞ்சிடும்" என்றாள்.

மணிமாறன் வீடியோவைப் பொன்னியின் போனுக்கு அனுப்பினான். பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பொன்னி பஸ் ஏறினாள். விக்கிரவாண்டியில் ருக்கு ஜன்னல் வழியாக ரெண்டு கொய்யாப்பழம் வாங்கி, பெரிய பழத்தைப் பொன்னியிடம் நீட்டினாள். பொன்னி வாங்கவில்லை. அது துண்டின்மேல் உருண்டு அங்கேயே கிடந்தது.

விழுப்புரம் பைபாஸில் பொன்னி இறங்கினாள். பின்னாலேயே ருக்குவும் இறங்கினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணி."

"சாவி எங்கிட்ட இருக்குது. நீ போற எடத்துக்கு நானும் வர்றேன்."

சர்வீஸ் சென்டரில் ஏசி போட்ட கண்ணாடி ரூம். காத்திருக்கிறவர்களுக்கு நாற்காலி, டிவி, காப்பி. மேனேஜர் பிரேம்குமார் டையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தார். துண்டை விரித்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"மேடம், வெளிக் கடையில பிரிச்ச பார்ட்டுக்கு நாங்க பொறுப்பில்ல."

"பிரிக்காம எப்படிங்க தெரியும், உள்ள இருக்கறது பழசுன்னு?"

"பழசா? இது எங்க ஆளு போட்ட புதுசு."

"இந்த மஞ்சள்?"

"துரு மேடம். மழக்காலமில்ல?"

பொன்னி மறுபடியும் கையை நீட்டினாள். இந்தத் தடவை ருக்கு எதுக்குடி என்று கேட்கவில்லை. டப்பாவைத் திறந்தே கொடுத்தாள். பெட்டி எல்லார் கண்ணுக்கும் முன்னால் சிவந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அட, ஆரத்தித் தண்ணியால்ல இருக்குது! துரு எங்கய்யா இப்படிச் செவக்கும்?"

பொன்னி ஜாப் கார்டை மேஜையில் போட்டாள். "படிங்க. பழைய பெட்டில மஞ்சத்தண்ணி எறங்கியிருக்குதுன்னு நீங்க எழுதினது. அதச் சொல்லித்தான் வாரண்டி இல்லன்னீங்க. அந்த மஞ்ச புதுப் பெட்டிக்கு எப்படி வந்துச்சி? நடந்து வந்துச்சா?"

பிரேம்குமார் சுற்றும்முற்றும் பார்த்தார். குரலை உயர்த்தினார், மற்றவர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

"சரி, மஞ்சத்தண்ணியாவே இருக்கட்டும். ஒரு தடவ ஊத்தினவங்க இன்னொரு தடவ ஊத்த மாட்டாங்களா? ஆயுத பூஜைக்கு ஊத்தினீங்க. தீபத்துக்கும் ஊத்தியிருப்பீங்க. வண்டிய லேடீஸ் கையில குடுத்தா கோலம்தான் போடுவாங்க, வேற என்ன பண்ணுவாங்க?"

ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் ஊற்றவில்லை என்று பொன்னி சொல்ல வேண்டும். சொந்த வீட்டில் நூறு தடவை சொல்லி ஒரு தடவைகூட எடுபடாத வார்த்தை, இந்தக் கண்ணாடி ரூமில் மட்டும் எடுபடுமா?

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ருக்கு வெளியே போய்விட்டாள். போகட்டும் என்று நினைத்தாள் பொன்னி. ஆனால் அவள் போனது வெற்றிலையைத் துப்ப. வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"ஏம்பா, டை கட்டினவரே. ஊத்தினது அவ இல்ல. நான்."

ருக்கு மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எங்கப்பா ஏர்க் கலப்பைக்கும் பம்பு செட்டு இஞ்சினுக்கும் வருஷா வருஷம் மஞ்சத்தண்ணி ஊத்தின கை இது. ஆயுத பூஜை அன்னிக்கு வெளிய ஒரு சொம்பு, உள்ள ஒரு சொம்பு, ஸ்டேரிங் மேலயே ஊத்தினேன். கலப்பைக்கு ஆவாதது காருக்கு மட்டும் என்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன். இவ சுண்டல் எறக்க அடுப்படிக்குப் போயிருந்தா. வந்து, ஏண்ணி இவ்ளோ ஈரம்னு கேட்டா. குங்குமந்தான் வச்சேன்னு பொய் சொன்னேன். மறுநாளே திண்டிவனம் போய்ட்டேன். எங்கப்பா கால் ஒடையற வரைக்கும் இந்த ஊருப் பக்கமே வரல. இவ ஊத்தறவ இல்ல; வண்டி உள்ள ஈரத்துணி போடறதுக்கே யோசிக்கறவ. நான் ஊத்தினது ஒரே தடவ. எந்தப் பெட்டி மேல ஊத்தினேனோ அந்தப் பெட்டிதான் இது. இப்ப சொல்லு, நீ போட்ட புதுசு எங்க?"

எட்டிப் பார்த்த பெரியவர், "சொல்லுய்யா, என் வண்டியும் உள்ளதான் நிக்குது" என்றார். சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

பொன்னி நாத்தனாரைப் பார்த்தாள். "மூணு மாசம் அண்ணி. எல்லாரும் என்னைக் கிழிச்சிப் போட்டப்ப பாத்துக்கினு இருந்தீங்க. அதுல பாதி நீங்க கிழிச்சது."

"ஆமாண்டி. வீட்டுக்குப் போய்த் திட்டு, வாங்கிக்கறேன். இப்ப இவன வுடாத." இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பொன்னியின் சிவந்த விரல்களுக்குள் திணித்தாள். "இது உன்னுது."

பிரேம்குமார் உள்ளே போனார். ஓடிப்போனார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஒரு ஃபைலோடு திரும்பினார். முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"பழைய பார்ட்ட நாங்க வச்சிக்கறதில்ல. கழட்டினத வாடிக்கையாளர்கிட்டயே குடுத்துருவோம். இங்க பாருங்க. 'பழைய பாகத்தைப் பெற்றுக்கொண்டேன்.' கீழ உங்க வீட்டுக்காரரு கையெழுத்து. பழைய பெட்டி உங்க வீட்லதான் இருந்திருக்குது. புதுசக் கழட்டிட்டு அத மாட்டி, வீடியோ எடுத்துக்கினு வந்து எங்களையே மிரட்டறீங்களா?"

பொன்னி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பெட்டி ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை. அட்டைப் பெட்டியைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆனால் கையெழுத்து? சாய்ந்து நிற்கிற 'த', அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி. எடைச்சீட்டிலும் பாங்கிப் புத்தகத்திலும் பார்த்துப் பார்த்துப் பழகின கையெழுத்து.

ருக்கு குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. "தம்பி கைதான்" என்றாள் மெதுவாக. "ஆனா அவன் படிக்காம போட மாட்டானே பொன்னி."

பொன்னியின் போன் அடித்தது. தட்சிணாமூர்த்தி.

"ரெண்டு பேரும் எங்கதான் இருக்கீங்க? வாங்கற ஆளு வந்து ஒக்காந்துக்கினு இருக்காரு. ஜல்தி வாங்க. சாவி எங்க?"

பொன்னி சாவியை உள்ளங்கையில் இறுக்கினாள்.

"சாவி எங்கிட்ட இருக்குது. அந்த ஆள அனுப்பிட்டு பைபாஸ் சர்வீஸ் சென்டருக்கு வாங்க."

"அங்க என்னா வேல உங்களுக்கு?"

"ஐப்பசில இங்க ஒரு காயிதத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க. அதுல என்னா எழுதியிருக்குதுன்னு நீங்களே வந்து எனக்குப் படிச்சிக் காட்டணும்."

வீட்டுக் கூடத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. பொன்னி காத்திருந்தாள்.

எந்தக் காயிதம் என்று அவர் கேட்கவே இல்லை.